உப்பை மண்ணாக்கிய கேமரா

காலை எட்டு மணிக்கு, முப்பது பேர் காது கேட்க, தட்சணாமூர்த்தி மலர்கொடியைப் பார்த்து "மண்ணு வாரி" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது ஒரு திட்டாகவே தெரியாது. மரக்காணம் உப்பளத்தில் ஒரு பெண்ணை இப்படிச் சொல்வதற்குப் பதில் அவள் முகத்தில் காறித் துப்பிவிடலாம். பாத்தியில் உப்பு விளைந்ததும் நீளக் கழியில் மாட்டிய பலகையால் அதை வரப்புப் பக்கம் இழுக்க வேண்டும். அடியில் நூல் கனத்துக்கு உப்பை விட்டுவிட்டு, மேலே இருப்பதை மட்டும் இழுக்க வேண்டும். கை கொஞ்சம் அழுந்தினால் போச்சு, அடியில் கிடக்கும் சாம்பல் நிறக் களிமண் கிளம்பிவிடும். அந்த உப்பை எவனும் சீந்த மாட்டான். மலர்கொடி இருபத்திரண்டு வருஷமாகப் பலகை பிடிக்கிறாள். அவள் குவியலில் மண் இருந்தது என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட, யாரும் சொன்னதில்லை. அவளைப் போய் மண்ணு வாரி என்றால் வயிறு எரியாதா?

"இன்னா மொதலாளி சொன்னீங்க?" என்றாள். ஒருவேளை தன் காதில்தான் கோளாறோ என்று அந்த நிமிஷத்திலும் அவளுக்கு ஒரு நப்பாசை.

"காதுல உழலியா? மண்ணு வாரின்னேன். இந்தா, நீயே பாரு உன் லட்சணத்த." தட்சணாமூர்த்தி போனை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார்.

போனில் ஒரு படம். அவள் மூன்று நாளாக வாரிச் சேர்த்த குவியல்தான். பக்கத்தில் கிடந்த நீலத் தார்ப்பாயை வைத்து அடையாளம் தெரிந்தது. ஆனால் உப்பு? அடுப்படியில் அள்ளிக் கொட்டிய சாம்பல் மாதிரி இருந்தது. படத்துக்குக் கீழே சென்னை வியாபாரி செல்லப்பன் குரலில் ஒரு செய்தி. தட்சணாமூர்த்தி அதை எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாக ஓடவிட்டார். "ஏம்பா தட்சணா, இன்னா சரக்கு இது? மண்ணு கலந்துகீது. மொதல் தரம்னு சொல்லி என் தலையில கட்டப் பாக்கறியா? ரெண்டாந்தர வெலைன்னா ஏத்து, இல்ல நீயே வெச்சுக்கோ."

இந்தச் செல்லப்பனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் அவரே பஸ் ஏறி வருவார். குவியலில் கையை விட்டு ஒரு பிடி எடுத்து, தண்ணீர் தெளித்து, உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பார். நல்ல உப்பு என்றால் ஒரு கல்லை வாயில் போட்டுக்கொள்வார். இப்போது அவருக்கு மூட்டு வலி. அதனால் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் போதும், வீட்டில் சாய்ந்துகொண்டே உப்பை எடைபோட்டுவிடுகிறார். படத்தைத் தேய்த்துப் பார்க்க முடியுமா, நக்கிப் பார்க்க முடியுமா?

மலர்கொடி திரும்பிக் குவியலைப் பார்த்தாள். பத்தடி தள்ளி, வெயிலில், கண் கூசும் வெள்ளையில் அது நின்றுகொண்டிருந்தது.

"மொதலாளி, போன வுடுங்க. திரும்பி உப்பப் பாருங்க. எப்பிடிகீது?"

"வெயில்ல எல்லாந்தான் வெள்ளையா தெரியும். கண்ணு ஏமாறும். கேமரா ஏமாறுமா? ரெண்டே முக்கா லட்சம் குடுத்து எம்புள்ள வாங்கியிருக்கறான். அது பொய் சொல்லுமா, இல்ல நீ சொல்லுவியா?" தட்சணாமூர்த்தி வேட்டியை மடித்துக் கட்டினார். "இன்னியோட உன் சோலி முடிஞ்சுது. உன் பாத்திய நாளையிலேர்ந்து அமுதவல்லி வாருவா. கெளம்பு."

அமுதவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். ஒன்பது வருஷமாக மலர்கொடிக்கு எதிர்ப்பக்கம் நின்று சேர்ந்து வாருகிற ஜெயா, காலில் மாட்டியிருந்த ரப்பர் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றாள். வருஷக்கணக்கில் அவள் வாரியதைப் பார்த்த கண்கள் அங்கே முப்பது ஜோடி இருந்தன. ஒரு வாயாவது திறக்க வேண்டுமே! திறக்கவில்லை. தட்சணாமூர்த்தியைவிட அந்த மௌனத்தின் மீதுதான் மலர்கொடிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

இந்த இடத்தில் வேறொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். ஆனால் அந்தப் படத்தில் உப்பு ஏன் சாம்பலாகத் தெரிகிறது என்பது மலர்கொடிக்கு நன்றாகத் தெரியும்.

"இந்தப் படம் தப்பு. உப்பு தப்பில்ல" என்றாள். "நான் இன்னும் அர மணி நேரத்துல என் கேமராவோட வர்றேன். அதுவரைக்கும் அந்தக் குவியல யாரும் தொடக் கூடாது."

கொட்டகை நிழலில் நின்றிருந்த பரத் சிரித்துவிட்டான். தட்சணாமூர்த்தியின் ஒரே மகன் அவன். இருபத்தாறு வயது, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. கழுத்தில் அந்த ரெண்டே முக்கால் லட்சம் தொங்கியது. "அக்கா, அந்தப் பொம்மையையா சொல்றீங்க?"

பொம்மை! அந்த வார்த்தையை அவன் சொல்வது இது முதல் தடவை இல்லை.

மலர்கொடியிடம் ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா உண்டு. நாலு வருஷத்துக்கு முன்னால் பாண்டிச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய சார்ஜர்களுக்கும் ரிமோட்டுகளுக்கும் நடுவே கிடந்ததைப் பேரம் பேசி வாங்கினாள். புடவை எடுக்கப் போனவள் கேமராவோடு வந்தாள் என்று தெருவே சிரித்தது. போனில்தான் கேமரா இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்டவர்களுக்கு அவள் பதில் சொல்லவில்லை. எதற்கு என்று அவளுக்கே சொல்லத் தெரியாது. கண்ணில் படுவதைப் பிடித்து வைக்க வேண்டும் என்று ஓர் ஆசை, அவ்வளவுதான். கொக்கு எடுத்தாள், தண்ணீர் வற்றும்போது பாத்தி ஓரத்தில் கட்டும் உப்புப் பூவை எடுத்தாள், பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற பெண்களின் வெடித்த குதிகால்களை எடுத்தாள்.

இதை எப்படியோ தெரிந்துகொண்ட பரத், போன மாசி மாதம், தன் கேமரா சிநேகிதர்களுக்கு முன்னால் அவளைக் கூப்பிட்டுக் காட்டச் சொன்னான். வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. இதுக்கு உள்ள சென்சார் என் சுண்டு விரல் நகத்தவிடச் சின்னது. ஹாபியா எடுக்கறவங்களுக்குக்கூட இந்தப் பொம்ம பத்தாது. மினிமம் ஃபுல் ஃப்ரேம் வேணும். இதுக்கு உங்க போனே பெட்டர்" என்றான். சிநேகிதர்கள் தலையை ஆட்டினார்கள். அன்று அவர்கள் ஆறு பேரும் வரப்பில் மண்டி போட்டு, உப்புச் சுமந்து போகிற பெண்களை இன்னொரு வாட்டி நடங்க, இன்னொரு வாட்டி நடங்க என்று தலைச்சுமையோடு நாலு தடவை நடக்க விட்டார்கள். படம் நன்றாக வர வேண்டுமாம். கழுத்து ஒடிந்தது யாருக்கு?

அந்த எரிச்சல் எல்லாம் இப்போது மொத்தமாகச் சேர்ந்துகொண்டது. ஈசிஆர் சாலையைத் தாண்டி, அளத்துக்கு எதிரே இருக்கிற தன் வீட்டுக்கு மலர்கொடி நடக்கவில்லை, ஓடினாள் என்றுதான் சொல்ல வேண்டும். லாரிக்காரன் ஹாரன் அடித்தான். "அட போடா" என்று அவனுக்கும் ஒன்று கொடுத்துவிட்டுத்தான் ரோட்டைத் தாண்டினாள். பின்னாலேயே ஜெயா மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள்.

"யக்கா, வேணாங்க்கா. ரெண்டு நாளு போவட்டும், அவுரே கூப்புடுவாரு. இப்ப போயி எதுத்துப் பேசுனா மொத்தமா பொழப்பு போயிடும்."

"போயிடுச்சுடி. இனிமே இன்னாத்த போறது? மண்ணு வாரின்னு பேரு வெச்சப்பறம் இந்தச் சீசன்ல எவன் என்னக் கூப்புடுவான்? நீ எங்கூட நின்னு வாருவியா?"

ஜெயா திரும்பி அளத்துப் பக்கம் நடந்தாள்.

மலர்கொடி அலமாரியில் புடவைக்கு நடுவே சுற்றி வைத்திருந்த கேமராவை எடுத்தாள். பேட்டரி பாதி இருந்தது, போதும்.

உப்பு ஏன் சாம்பலாகிறது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வாங்கின புதிதில் அவள் எடுத்த உப்புப் படங்கள் எல்லாமே அழுக்காகத்தான் வந்தன. ஏமாந்துவிட்டோமோ என்று சந்தைக்காரனை ஒரு வாரம் திட்டித் தீர்த்தாள். பிறகு ஒரு நாள் எதிர்வீட்டுக் கறுப்பு ஆட்டை நெருக்கத்தில் எடுத்தாள். அது வெளுத்துப்போய், கிழட்டு ஆடு மாதிரி வந்தது. அப்போதுதான் பிடிபட்டது. இந்தக் கேமராவுக்கு எதைப் பார்த்தாலும் நடுவாந்திரமாகக் காட்டித்தான் பழக்கம். நிறைய வெள்ளையைப் பார்த்தால், ஐயோ வெளிச்சம் அதிகம் என்று பயந்து இருட்டாக்கிவிடும். நிறையக் கறுப்பைப் பார்த்தால், வெளிச்சம் பத்தவில்லை என்று வெளுக்க வைத்துவிடும். அதற்கு உப்பும் தெரியாது, ஆடும் தெரியாது. எடுக்கிறவர்தான் சொல்ல வேண்டும். சொல்வதற்கு அதில் ஒரு கூட்டல் கழித்தல் பட்டன் இருந்தது. உப்புக்குக் கூட்டல், ஆட்டுக்குக் கழித்தல். இவ்வளவுதான் சங்கதி.

அவள் திரும்பி வந்தபோது தட்சணாமூர்த்தி கொட்டகையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். பெண்கள் பாத்தியில் இறங்கிவிட்டார்கள், ஆனால் எல்லோர் கண்ணும் கொட்டகை மேலேதான். மலர்கொடி நேராகப் போய் நின்றாள்.

"மொதலாளி, வந்து குவியல் பக்கத்துல நில்லுங்க."

"எதுக்கு?"

"நில்லுங்க. பரத் தம்பி, உன் கேமராவுல காலைல எப்பிடி எடுத்தியோ அப்பிடியே ஒண்ணு எடு. எதையும் மாத்தாத. அப்பால நான் எடுக்கறேன்."

தட்சணாமூர்த்தியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சேறும் உப்புத் தண்ணீருமாகக் கிடக்கிற அளத்துக்கு, தினமும் கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில்தான் வருவார். ஒரு பொட்டு அழுக்குப் பட்டாலும் வீட்டில் ரகளை நடக்கும். படம் என்றதும் அந்த மனுஷன், கோபத்திலும், காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். குவியலுக்குப் பக்கத்தில் போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். பரத் ஒன்று எடுத்தான். மலர்கொடி கூட்டல் பட்டனை மூன்று தட்டுத் தட்டி ஒன்று எடுத்தாள்.

"இப்ப உன் படத்த அப்பாவுக்குக் காட்டு தம்பி."

பரத் கேமராவின் பின்பக்கத் திரையை அப்பாவிடம் நீட்டினான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். முகம் மாறியது.

"இன்னாடா இது? என் சட்ட ஏன் இப்பிடிகீது?"

நாலு நாள் கழற்றாமல் போட்ட சட்டை மாதிரி இருந்தது. உப்பு என்ன சாம்பலோ அதே சாம்பல் வேட்டியும். இந்தப் பக்கம் மலர்கொடியின் பொம்மையில் சட்டை சட்டையாக, பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் உப்பும் அப்படியே.

"ஏன் மொதலாளி," மலர்கொடி வரப்பில் இருக்கிற கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரிதான் கேட்டாள், "உங்க சட்டையிலயும் நான்தான் மண்ண வாரிப் போட்டேனா?"

பாத்தியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு நாலு பேர். பிறகு அடக்க முடியாமல் வரப்பு நெடுக. தட்சணாமூர்த்தி திரும்பி முறைத்ததும் நின்றது, ஆனால் சிரித்தது சிரித்ததுதானே.

பரத்துக்குக் காது வரை சிவந்துவிட்டது. "அது... மீட்டரிங் இஷ்யூப்பா. நிறைய வொய்ட் இருந்தா அண்டர் ஆவும். எக்ஸ்போஷர ஏத்தியிருக்கணும். அவசரத்துல ஆட்டோல எடுத்துட்டேன்."

"தெரியுமா உனக்கு?" மலர்கொடிக்கு உச்சி மண்டை வரை ஏறியது. தெரியாமல் செய்திருந்தால்கூட மன்னித்திருப்பாள். "தெரிஞ்சுக்கிட்டேவா சும்மா நின்ன? உங்கப்பன் என்ன மண்ணு வாரின்னு முப்பது பேர் முன்னால சொல்றப்ப, நெழல்ல நின்னு வேடிக்க பாத்தியே, அப்ப தெரியலியா? ரெண்டே முக்கா லட்சம் குடுத்து வாங்கத் தெரியுது, எதுத்தாப்புல இருக்கறது வெள்ளையா கறுப்பான்னு கண்ணத் தொறந்து பாக்கத் தெரியல. இந்தப் பொம்ம பத்தாதுன்னியே, உனக்கு எதுடா பத்தும்?"

 பரத் அவளுடைய கேமரா கார்டைக் கழற்றி, தன் லேப்டாப்பில் போட்டு, அந்தப் படத்தை அவனே செல்லப்பனுக்கு அனுப்பினான். பத்து நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது. "இத மொதல்லயே அனுப்பறதுக்கு இன்னா? மொதல் தர வெலையே போட்டுக்கோ."

தட்சணாமூர்த்தி போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சரி சரி. போயி பலகையை எடு."

அவ்வளவுதான். நடந்தது ஒன்றுமே இல்லாத மாதிரி, போயி பலகையை எடு!

மலர்கொடி நகரவில்லை. "காலைல முப்பது பேர் முன்னால சொன்னீங்க. அதே முப்பது பேர் முன்னால இல்லன்னு சொல்லுங்க. அப்பால பலகைய எடுக்கறேன்."

"அதெல்லாம் அவங்களே பாத்தாங்க இல்ல."

"பாத்தது பத்தாது. சொன்னது உங்க வாயி. நீங்கதான் சொல்லணும்."

தட்சணாமூர்த்தி தாடையைத் தேய்த்துக்கொண்டார். என்ன தோன்றியதோ, குரலைத் தணித்துக்கொண்டார். "சொல்றேன் மலரு, கண்டிப்பா சொல்றேன். அதுக்கு முன்னால ஒரு சின்ன வேல. இனிமே நம்ம அளத்துல படம் எடுக்கறது உன் பொறுப்பு. வா எங்கூட." பரத்தும் கூடவே வந்தான்.

பொய் சொல்வானேன், அந்த வார்த்தையில் அவளுக்கு ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்துதான் போனது. நாலு வருஷமாக அவளிடம் யாரும் படம் எடு என்று கேட்டதே இல்லை. கேமராவின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

மேற்கு ஓரத்தில், பம்புக் கொட்டகைக்குப் பின்னால், தார்ப்பாய் போட்டு மூடிய பெரிய குவியல் ஒன்று இருந்தது. தட்சணாமூர்த்தி ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். உள்ளே இருந்தது சாம்பல். இது கேமராச் சாம்பல் இல்லை, நிஜச் சாம்பல். சித்திரையில் எதிர்பாராமல் ஒரு மழை பெய்ததே, அப்போது பாத்தியில் கரைந்துகொண்டிருந்த உப்பை விட மனசில்லாமல், அடி வரைக்கும் அழுத்தி வாரச் சொல்லி, வெளியூரிலிருந்து ஆள் கூட்டிவந்து ஒரே நாளில் வாரிக் குவித்தது. அன்று மலர்கொடி முடியாது என்று சொல்லி வீட்டுக்குப் போய்விட்டாள். மண்ணும் உப்பும் பிசைந்து வைத்த மாதிரி கிடந்தது.

"இத எடு" என்றார் தட்சணாமூர்த்தி. "அந்தப் பட்டன இன்னும் ரெண்டு தட்டு சேத்துத் தட்டு. வெள்ளையாத் தெரியணும். இப்ப அனுப்புனதோட சேத்து இதையும் மொதல் தரமா அனுப்பிடுவோம். லோடு கலந்து போயிட்டா செல்லப்பனுக்கு இன்னா தெரியப் போவுது? நீ இத எடு, நான் இப்பவே வந்து அத்தினி பேரையும் கூப்புட்டு நிக்க வெச்சுச் சொல்றேன், மலர்கொடி மாதிரி வாருறவ இந்த மரக்காணத்துலயே கெடையாதுன்னு. உனக்கு அதான வேணும்?"

அதுதான் வேண்டும். அந்த வாயால், அந்த முப்பது பேர் முன்னால், அந்த வார்த்தை. காலையிலிருந்து அவள் உடம்பு மொத்தமும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு படம். மூன்று தட்டுக்குப் பதிலாக ஐந்து தட்டு. யாருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை.

ஆனால் லாரி போய்ச் சேரும். செல்லப்பன் மூட்டு வலியோடு எழுந்து வந்து ஒரு பிடி அள்ளித் தேய்ப்பார். உள்ளங்கையில் மண் நிற்கும். இது யார் வாரியது என்று கேட்பார். அப்போது இந்த வெள்ளைச் சட்டை என்ன சொல்லும் என்று மலர்கொடிக்குத் தெரியாதா?

அவள் கேமராவைத் தூக்கினாள். பட்டனைத் தட்டவே இல்லை. பார்த்தது பார்த்தபடி ஒன்று எடுத்து அவரிடம் காட்டினாள். மண் மண்ணாக வந்திருந்தது.

"வெள்ளையா எடுன்னேன்."

"வெள்ளையா இருந்தா வெள்ளையா வரும்."

"அந்த உப்ப மட்டும் வெள்ளையாக்குன?"

"அத நான் ஆக்கல மொதலாளி. அது வெள்ள. உங்க புள்ள அப்புன அழுக்கத் தொடச்சேன், அவ்ளோதான். இது மண்ணு. இத வெள்ளையாக்க நான் ஆளில்ல."

"திமிரா? அப்பிடின்னா நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் தல காட்டாத."

"அதக் காலைலயே சொல்லிட்டீங்க. புதுசா எதுனா இருந்தா சொல்லுங்க."

தட்சணாமூர்த்தி அவளை விட்டுவிட்டு மகனிடம் திரும்பினார். "டேய், நீ எடு. அவ சொன்னாளே, ஏத்தறது, அத ஏத்தி எடு."

பரத் தயங்கினான். அப்பாவைப் பார்த்தான், மலர்கொடியைப் பார்த்தான், பிறகு கீழே குனிந்து கேமராவின் மேல் இருந்த சக்கரத்தைத் திருகினான். ஒரு கிளிக், இரண்டு கிளிக், மூன்று கிளிக். அரை மணி நேரத்துக்கு முன்னால் அவனுக்கு அதை நினைவுபடுத்தியதே இவள்தான். தன் பேரைக் காப்பாற்றிக்கொள்ள இவள் காட்டிய வித்தையை வைத்தே, இவள் கண்ணெதிரிலேயே, இவளை இன்னொரு தடவை மண்ணு வாரியாக்கத் திருகிக்கொண்டிருக்கிறான். மலர்கொடிக்கு அங்கேயே அந்தக் கேமராவைப் பிடுங்கி உப்புத் தண்ணீரில் அமுக்கிவிடலாம் போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

நாலு எட்டு வைத்துப் போய்க் குவியலுக்கு முன்னால் நின்றாள்.

"எடு தம்பி."

"அக்கா, தள்ளிக்குங்க. ஃப்ரேம்ல வர்றீங்க."

"வரணும்னுதான் நிக்கறேன். எவ்ளோ வேணும்னாலும் ஏத்து. மண்ண வெளுக்க வெக்கற அளவுக்கு ஏத்துனா என் மூஞ்சியும் சேந்து வெளுக்கும். இருவத்திரெண்டு வருசம் இந்த வெயில்ல நின்னு கறுத்த மூஞ்சி இது. இது சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி வந்தா, செல்லப்பன் குருடரா, கேக்க மாட்டாரா, இன்னாப்பா இந்தப் பொம்பள பேய் மாதிரி நிக்கறான்னு? எடு!"

பரத் கேமராவைக் கண்ணில் வைத்தான், எடுக்கவில்லை. இந்தப் பக்கமாக நகர்ந்தான். அவளும் நகர்ந்தாள். அந்தப் பக்கம் போனான். அவளும் போனாள். தட்சணாமூர்த்தி அவள் கையைப் பிடித்து இழுக்க வந்தார். "தொட்டீங்கன்னா நடக்கறதே வேற" என்றாள். அவர் நின்றுவிட்டார்.

குவியலோ பெரியது. ஒரு ஆள் எவ்வளவுதான் மறைக்க முடியும்? பரத் ஒரே ஓட்டமாகப் பம்புக் கொட்டகையின் மறுபக்கம் போய்விட்டால் முடிந்தது கதை. மலர்கொடி பாத்திப் பக்கம் திரும்பி, தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஏய்! காலைலேர்ந்து வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கறீங்க? மண்ணு எங்ககீதுன்னு வந்து பாருங்கடி! நான் வாருன மண்ணு இல்ல, இவுரு வாரச் சொன்ன மண்ணு! இத வெள்ளன்னு படம் புடிச்சு அனுப்பப் போறாங்க. இன்னிக்கு என்னச் சொன்னத நாளைக்கு உங்களச் சொல்லுவாங்க. நின்னு வேடிக்க பாக்கறதுன்னா அங்கயே நில்லுங்க!"

முதலில் யாரும் அசையவில்லை.  பிறகு ஜெயா பலகையை வரப்பில் போட்டாள். போட்ட சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. ரப்பர் பூட்ஸ் சேற்றில் சளக் சளக்கென்று சத்தமிட, நேராக வந்தாள். குவியலில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, இடுப்பில் சொருகியிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து அதன் மேல் ஊற்றித் தேய்த்தாள். உள்ளங்கை முழுக்கக் களிமண். அதைத் தட்சணாமூர்த்திக்கு நேரே விரித்துக் காட்டிவிட்டு, மலர்கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். அப்புறம் அமுதவல்லி வந்தாள். அப்புறம் முத்தம்மாள், சூர்யகலா, அந்தப் பக்கம் மூட்டை தைத்துக்கொண்டிருந்த ஆம்பளைகள் நாலு பேர். சித்திரை மழைக்கு முடியாது என்று சொன்னவள் சரிதான் என்று அப்போதே தெரிந்திருந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் வந்தார்கள்.

குவியல் மறைந்துவிட்டது. முன்னால் முப்பது பேர். முப்பதும் வெயில் தின்ற முகங்கள்.

"தள்ளுங்கடா! வேலையப் பாக்கப் போங்க!" தட்சணாமூர்த்தி கத்தினார். ஒருவரும் நகரவில்லை.

"எடு தம்பி" என்றாள் மலர்கொடி.  "எங்க கறுப்ப வெளுக்க வெக்காம இந்த மண்ண வெளுக்க வெக்க உன் ரெண்டே முக்கா லட்சத்தால முடியுமா? முடிஞ்சா எடு."

பரத் கேமராவைக் கண்ணில் வைத்தபடியே ரொம்ப நேரம் நின்றான். உள்ளே என்ன பார்த்தானோ. சக்கரத்தைத் திரும்பப் பழைய இடத்துக்கே திருகினான். ஒரு கிளிக், இரண்டு கிளிக், மூன்று கிளிக். பிறகு படம் எடுத்தான். கேமராவை அப்பாவிடம் நீட்டினான்.

தட்சணாமூர்த்தி அதை வாங்கிப் பார்க்கவில்லை. "இந்தப் படத்த அனுப்புனா, செல்லப்பன் கேக்கறப்ப இந்தக் குவியல யாரு வாருனதுன்னு சொல்றது?" என்றார், யாரையும் பார்க்காமல்.

"இவ்ளோ நேரம் யாரு பேரச் சொல்றதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருந்துது இல்ல?" என்றாள் மலர்கொடி. "இப்ப முப்பது பேரு நிக்கறோம். எங்க மூஞ்சியப் பாத்து ஒரு பேரச் சொல்லுங்க பாக்கலாம்."

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒரு பேரும் அவர் வாயிலிருந்து வரவில்லை. கடைசியில் பம்புக் கொட்டகைச் சுவரோரம் போய், சட்டை அழுக்காகுமே என்றுகூடப் பார்க்காமல், தார்ப்பாயின் முனையை இழுத்துத் தானே அந்தக் குவியலை மூடப் பார்த்தார். தரையில் கிடந்த தார்ப்பாயின் மேலேயே முப்பது பேரும் நகராமல் நின்றுகொண்டிருந்ததால் அவரால் மூட முடியவில்லை.